சிபாப் மெஷின்: பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் பேசி முடிக்க வேண்டியவை

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்காமல் இருக்க, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் மெஷின்தான் சிபாப். அதை வாங்கினால், மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கடையின் டெக்னீஷியன் தம்பி ஒருவர் தோளில் பையோடு பஸ் இறங்கி வருவார். மெஷினைக் கட்டில் பக்கத்தில் வைத்து, மாஸ்க்கை ஒரு தடவை மாட்டிக் காட்டி, 20 நிமிஷத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார். அன்று ராத்திரியே மாஸ்க்கின் மேல் ஓரத்திலிருந்து கண்ணுக்குள் காற்றடிக்கும். மறுநாள் வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாலாம் நாள் போன் செய்தால் "போகப் போகப் பழகிடும் சார்" என்று பதில் வரும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மெஷின் பெட்டிக்குள் திரும்பிப் போய்ப் பரண் ஏறியிருக்கும். குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் பழையபடி நடக்கும்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், பொன்னமராவதி என்று இந்தப் பக்கத்தில் சிபாப் வாங்கிய வீடுகளில் இது புதிதில்லை. மெஷினே கெட்டுப்போவது குறைவு. மாஸ்க் அளவு தப்பு, பிரஷர் வைத்த விதம் தப்பு, அதைத் திருத்த ஆள் வரவில்லை: வைத்தியம் தோற்பது இந்த மூன்றில்தான். விற்பவர் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது, பணம் கைமாறும் முன் பேசாததைப் பிறகு பேசி வாங்குவது கஷ்டம். அதனால் விலைக்கு முன்னால், முதல் மூன்று மாதம் அவர் என்ன செய்து தருவார் என்பதைப் பேசுங்கள்.

ரிப்போர்ட் முதலில், கடை பிறகு

தூக்கப் பரிசோதனை இரண்டு விதமாக நடக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கி, தலையில் வயர் ஒட்டி, மூளை அலை வரை பதிவது ஒன்று. வீட்டுக்கே சின்னக் கருவி கொண்டுவந்து மூக்குக் காற்று, மார்பு அசைவு, ஆக்ஸிஜன், நாடித்துடிப்பு இவற்றைப் பதிவது இன்னொன்று. பலத்த குறட்டையும் பகலில் தூங்கி வழிவதும் இருந்து, வேறு பெரிய நோய் இல்லாதவருக்கு வீட்டுப் பரிசோதனை போதும். இதயம் பலவீனமானவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், வலிக்கு மார்ஃபின் வகை மருந்து எடுப்பவர்கள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்குத்தான் போக வேண்டும். விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜனை மட்டும் எடுத்துவிட்டு "டெஸ்ட் முடிஞ்சுது" என்றால், அதை நம்பி மெஷின் வாங்கக் கூடாது.

வீட்டு டெஸ்ட்டைப் பல இடங்களில் மெஷின் விற்பவரே செய்கிறார். கருவி அவரிடம் இருப்பதால் அது நடைமுறை. ஆனால் முடிவு எழுத வேண்டியவர் அவர் இல்லை. "ஆட்டோ சிபாப் தேவை" (பிரஷரைத் தானே கூட்டிக் குறைக்கும் வகை) என்று கடைசி வரியில் அச்சாகி, டாக்டர் கையெழுத்து போடும் இடம் காலியாக இருந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நுரையீரல் டாக்டரிடமோ தூக்க நோய் பார்க்கும் காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ போங்கள். டெஸ்ட் எடுத்த இடத்திலேயே மெஷினும் வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. டெஸ்ட் பணத்தைக் கட்டியதும் ரிப்போர்ட் முழுவதையும், எல்லாப் பக்கங்களோடும், வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு மீதியை வைத்துக்கொள்வது உண்டு.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஏஹெச்ஐ என்ற எண். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு 10 விநாடிக்குக் குறையாமல் நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்ற கணக்கு அது. 5 முதல் 15 வரை லேசு. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் கடுமை. அதற்கடுத்து, மூச்சு நின்றதில் எத்தனை தொண்டை அடைத்ததால் வந்தவை, எத்தனை மூளையிலிருந்து உத்தரவு வராமல் நின்ற சென்ட்ரல் வகை என்று பாருங்கள். சென்ட்ரல் வகை அதிகம் இருப்பவருக்குச் சாதாரண ஆட்டோ சிபாப்பை மாட்டிவிட்டால் பலன் இருக்காது, சில சமயம் கூடவும் செய்யும். ஆக்ஸிஜன் எவ்வளவு வரை இறங்கியது, 90 சதவீதத்துக்குக் கீழே எத்தனை நிமிஷம் இருந்தது என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள். பதிவான நேரம் 4 மணி நேரத்துக்கும் குறைவு என்றால் திரும்ப எடுக்கச் சொல்லலாம்.

டாக்டர் சீட்டில் "சிபாப் 1" என்று மட்டும் எழுதியிருந்தால் அது போதாது. மெஷின் வகை, பிரஷர் எல்லை, ஹியூமிடிஃபையர் (காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டி) வேண்டுமா, மாஸ்க் எந்த வகை என்பது எல்லாம் எழுதியிருக்க வேண்டும். பிரஷரைச் சென்டிமீட்டர் தண்ணீர் அளவில் சொல்வார்கள். ஆட்டோ மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 வரை போகும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது அந்த முழு எல்லையிலேயே இருக்கும். பல பேருக்கு அதை மாற்றாமல் அப்படியே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 4-ல் ஆரம்பித்தால், உடம்பு கனத்தவருக்குக் காற்றே வராதது போல மூச்சு முட்டும். மேலே 20 வரை திறந்து கிடந்தால், லீக் ஆகும்போது மெஷின் குழம்பிப் பிரஷரை ஏற்றி நடுராத்திரியில் எழுப்பிவிடும். டாக்டர் "7 முதல் 13 வரை" என்பது போல ஓர் எல்லை எழுதினால் அதையே வைக்கச் சொல்லி, திரையில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சிபாப் போதும் என்ற ஆளுக்கு "இது இன்னும் நல்லது" என்று பைபாப் விற்பது. பைபாப் மூச்சை இழுக்கும்போது ஒரு பிரஷரும் விடும்போது குறைந்த பிரஷரும் தரும், விலையும் கூடுதல். ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறி நிற்பவர்கள், சில நுரையீரல் நோயாளிகள், உயர்ந்த பிரஷரைத் தாங்க முடியாதவர்கள் இவர்களுக்கு அது தேவை. காரணம் டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் வாயால் சொல்லும் காரணத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

பெட்டி பிரிக்கும்போது

பெட்டியின் வெளியே இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், இறக்குமதி உரிம எண்ணும், தயாரித்த தேதியும், அதிகபட்ச விலையும் ஒட்டியிருக்க வேண்டும். இந்தியாவில் இது மருத்துவக் கருவி விதிகள் 2017-க்குக் கீழ் வருகிறது. சில்லறையாக விற்பவருக்கே எம்டி-42 என்ற பதிவுச் சான்றோ மருந்து விற்கும் உரிமமோ இருக்க வேண்டும். கேட்டால் நல்ல கடைக்காரர் முகம் சுளிக்காமல் காட்டுவார்.

பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும், மெஷின் அடியில் உள்ள சீரியல் எண்ணும், பில்லில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு மெஷினைப் போட்டு, மொத்தம் ஓடிய மணி நேரத்தைக் காட்டச் சொல்லுங்கள். டெக்னீஷியன் திறக்கும் மெனுவில் அது இருக்கும். புது மெஷினில் பூஜ்யமோ ஒன்றிரண்டு மணியோதான் இருக்க வேண்டும். 300 மணி ஓடியிருந்தால் அது வாடகைக்குப் போய்த் திரும்பியது. பழைய மெஷின் விலைக்குப் பேசுங்கள், அல்லது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பழைய மெஷினைச் சொந்தக்காரர் கொடுக்கிறார் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் முதல் தலைமுறை டிரீம்ஸ்டேஷன் உட்படப் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. சத்தம் குறைக்க உள்ளே வைத்திருந்த பாலியூரிதேன் ஸ்பாஞ்சு உதிர்ந்து மூச்சுக் குழாய்க்குள் போகலாம் என்பது காரணம். அந்த வகை மெஷின் வீட்டில் இருந்தால் சீரியல் எண்ணைச் சொல்லி மாற்றப்பட்டதா என்று கம்பெனியிடம் கேட்காமல் யாரும் போட வேண்டாம்.

மாஸ்க்: இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்

ஒரே மெஷின் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி வேலை செய்யும். ஒரே மாஸ்க் அப்படி இல்லை. மூக்குத் துவாரத்தின் வாயில் மட்டும் உட்காரும் பில்லோ, மூக்கை மூடும் நாசல், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் என்று மூன்று வகை. மூக்கால் மூச்சு விட முடிகிறவருக்கு நாசல் மாஸ்க்கை முதலில் பார்ப்பது நல்லது. லீக் குறைவு, பிரஷரும் குறைவாகப் போதும். வாயைத் திறந்து தூங்குபவருக்கும் மூக்கு எப்போதும் அடைத்திருப்பவருக்கும் ஃபுல் ஃபேஸ். கையிருப்பில் இருக்கும் ஒரே மாஸ்க் ஃபுல் ஃபேஸ் மீடியம் என்பதற்காக அதையே எல்லோர் முகத்திலும் வைப்பதுதான் நடக்கிறது.

மாஸ்க்கை உட்கார்ந்து பார்க்கக் கூடாது. படுத்துப் பார்க்க வேண்டும், மெஷின் ஓட வேண்டும், டாக்டர் எழுதிய பிரஷரில் ஓட வேண்டும். நீங்கள் தூங்கும் கட்டில், தூங்கும் தலையணை. பல் செட் கழற்றிவிட்டுத் தூங்குபவர் கழற்றிவிட்டே பாருங்கள். கன்னம் உள்ளே போய் முகத்தின் அளவே மாறும். பட்டைகளை முழுவதும் தளர்த்தி, மாஸ்க்கை வைத்து மேல் பட்டைகளையும் கீழ்ப் பட்டைகளையும் இரண்டு பக்கமும் சமமாக இழுங்கள். மெஷினைப் போட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு முன்னால் இழுத்து மெதுவாக விடுங்கள். காற்று நிரம்பி, சிலிக்கான் விளிம்பு உப்பித் தானாகப் பொருந்தும். பட்டைக்குக் கீழே இரண்டு விரல் நுழைய வேண்டும். இடது பக்கம் 5 நிமிஷம், வலது பக்கம் 5 நிமிஷம், மல்லாந்து 5 நிமிஷம் படுங்கள். லீக் ஆகிறது என்று இறுக்கிக்கொண்டே போனால் விளிம்பு மடங்கி இன்னும் லீக் ஆகும். மூக்குத் தண்டில் புண்ணும் வரும். இறுக்கியும் நிற்கவில்லை என்றால் அளவு தப்பு என்று அர்த்தம். அந்தத் தம்பியிடம் மூன்று அளவு குஷனும் (மாஸ்க்கில் முகத்தைத் தொடும் சிலிக்கான் பாகம்) இருக்கிறதா என்று வருவதற்கு முன்னாலேயே போனில் கேட்டுவிடுங்கள். "ஒன்றுதான் எடுத்துட்டு வந்தேன்" என்றால் அந்தப் பயணமே வீண்.

ஆச்சிமார்களுக்கு மாஸ்க் பார்க்கும்போது டெக்னீஷியன்கள் கவனிக்காத சில விஷயங்கள் உண்டு. மூக்குத்தியின் திருகு மூக்குக்கு உள்ளே இருப்பதால் பில்லோ வகை குத்தும். நாசல் மாஸ்க்கில் மூக்குத்தி குஷனுக்கு உள்ளே அடங்கிவிடும், ஆனால் பெரிய பேசரியாக இருந்தால் விளிம்பு அதன் மேல் ஏறி அங்கே மட்டும் காற்று கசியும். ராத்திரி கழற்றி வைக்க மனம் வராதவர்களுக்குச் சின்ன ஒற்றைக்கல் மூக்குத்தி போட்டுப் பாருங்கள். வைரத்தோட்டின் மேல் பட்டை அழுத்தினால் காது புண்ணாகும். பட்டை காதுக்கு மேலேயும் கீழேயும் பிரிந்து போகும் மாடலைக் கேளுங்கள். கொண்டை பின் பட்டையைத் தூக்கிவிடும், பின்னிப் போட்டால் சரியாக உட்காரும். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று முகத்தில் மிச்சம் இருக்கும் எண்ணெய் சிலிக்கானை வழுக்க வைக்கும், நாள்பட நாள்பட அதைத் தொளதொளக்கவும் வைக்கும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சளும் திருநீறும் இருந்தால் அதையும் சேர்த்து. ஆண்களுக்கு, கனத்த மீசை நாசல் மாஸ்க்கின் கீழ் விளிம்பைத் தூக்கும்.

மாஸ்க்கின் முன்பக்கம் சின்னத் துளைகள் வழியாக எப்போதும் காற்று வெளியே வந்துகொண்டே இருக்கும். அது லீக் இல்லை. நாம் விடும் மூச்சு வெளியேறும் வழி அது. சத்தம் வருகிறது என்று அதில் டேப் ஒட்டுகிற வீடுகள் உண்டு, தயவுசெய்து ஒட்டாதீர்கள். விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிவரும்.

சில மாஸ்க்குகளில் பட்டையை மாட்டக் காந்தக் கொக்கி இருக்கும். பேஸ்மேக்கரோ, தலைக்குள் உலோகக் கிளிப்போ உள்ளவருக்கு அது கூடாது. பக்கத்தில் படுக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ பேஸ்மேக்கர் இருந்தாலும் கூடாது. இதை விற்பவர் கேட்க மாட்டார், நீங்களே சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் மெஷின்

மகன் சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ மெஷின் கொண்டுவருவது நம் பக்கத்தில் சாதாரணம். கரண்ட் பற்றிப் பயம் வேண்டாம்: அடாப்டரில் 100-240 வோல்ட் என்று எழுதியிருந்தால் இங்கே அப்படியே ஓடும். பிளக் மட்டும்தான் வேறு. ஆடுகிற மாற்றுப் பிளக் செருகுவதைவிட, அடாப்டரின் பின்பக்கம் கழறும் வயரைக் காட்டிக் கம்ப்யூட்டர் கடையில் அதே முனையுள்ள நம்மூர் வயர் வாங்கிவிடுங்கள். ராத்திரி புரளும்போது பிளக் கழன்று மெஷின் நிற்பது அதோடு போகும்.

சிக்கல் வாரன்டியில். அங்கே வாங்கியதற்கு இங்கே உள்ள விநியோகஸ்தர் பொறுப்பேற்க மாட்டார். பழுதானால் திரும்ப அங்கேதான் அனுப்ப வேண்டும். வாங்கும் முன், அந்த மாடலின் குஷன், தண்ணீர்த் தொட்டி, ஃபில்டர் இந்தியாவில் கிடைக்கிறதா என்று இங்குள்ள கடை ஒன்றில் மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் யோசனை: மெஷின் வெளியிலிருந்து வரட்டும், மாஸ்க்கை மட்டும் மாற்றித் தரக்கூடிய இடத்தில், இங்கேயே வாங்குங்கள். பிரஷர் வைக்கவும் மாஸ்க் பார்க்கவும் வந்துபோகத் தனிக் கட்டணம் எவ்வளவு என்று அதே கடைக்காரரிடம் பேசிவிடலாம். விமானத்தில் மெஷினைக் கைப்பையாகவே கொண்டுவரச் சொல்லுங்கள், டாக்டர் சீட்டின் நகலோடு.

வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது

தயக்கமாக இருப்பவர்கள் இரண்டு மாதம் வாடகைக்கு எடுக்கலாம். உதாரணமாக மாதம் 4,000 ரூபாய் வாடகை, மெஷின் விலை 60,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத வாடகை 8,000. வாங்கினால் அதில் எவ்வளவு கழிப்பார் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாதியாவது கழிப்பவரிடம் எடுங்கள். வாடகை மெஷினில் மாஸ்க், டியூப், ஃபில்டர் மூன்றும் உங்களுக்கென்று புதிதாக வர வேண்டும். மாஸ்க்குக்குக் கொடுத்த பணம் தனி, முன்பணம் தனி என்று ரசீதில் பிரித்து எழுதச் சொல்லுங்கள். முன்பணம் திரும்பி வருவதில் வரும் தகராறுகள் எல்லாம் இந்த ஒரு வரி எழுதாததால் வருபவை.

பில்லில் எழுதி வாங்க வேண்டியவை

வாய்ப் பேச்சில் "எல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பவரிடம் கோபப்பட வேண்டாம். ஒரு தாளை எடுத்துக் கீழே உள்ளதை எழுதி, சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள்:

– மெஷின் மாடல், சீரியல் எண், ஜிஎஸ்டி எண்ணுள்ள பில். மாஸ்க், டியூப், ஹியூமிடிஃபையர் தனித்தனி வரியாக, தனித்தனி விலையோடு.
– மாஸ்க் பொருந்தாவிட்டால் 30 நாளுக்குள் ஒரு தடவையாவது வேறு அளவோ வேறு வகையோ மாற்றித் தருவது.
– வீட்டுக்கு வந்து பார்ப்பது எத்தனை தடவை. முதல் மாதத்தில் இரண்டு, மூன்றாம் மாதத்தில் ஒன்று என்று கேளுங்கள்.
– வாரன்டி எத்தனை வருஷம், கம்பெனி வாரன்டியா கடை வாரன்டியா, அடாப்டரும் ஹியூமிடிஃபையரும் அதில் அடங்குமா.
– பழுது பார்க்க எடுத்துப் போனால் அதுவரை மாற்று மெஷின் தருவது. பார்சல் செலவு யாருடையது.
– மெஷின் பதிவு செய்யும் விவரங்களை உங்களுக்கும் டாக்டருக்கும் தருவது.

இரண்டாவது வரிக்குத்தான் அதிகம் மறுப்பு வரும், "முகத்தில் வைத்ததைத் திரும்ப எடுக்க முடியாது" என்று. அதில் நியாயமும் இருக்கிறது. அப்படியென்றால் மாற்றுக் குஷனுக்கு மட்டும் பாதி விலை என்று ஒத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளும் கடை 3,000 ரூபாய் கூடச் சொன்னாலும் அங்கேயே வாங்கலாம்.

மெடிக்ளைம் பாலிசி இருக்கிறது, பணம் வந்துவிடும் என்று விற்பவர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலான பாலிசிகளில் வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் கருவிக்குப் பணம் கிடையாது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சிஜிஹெச்எஸ் என்ற மருத்துவத் திட்டத்தில் பணம் பெற வழி உண்டு. ரயில்வேயிலும் ராணுவத்திலும் இருந்தவர்களும் அவரவர் திட்டத்தில் கேட்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டிவரும். வாங்கிவிட்டுப் பில்லைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதல் மூன்று மாதம்

மெஷின் தினமும் எத்தனை மணி நேரம் போட்டீர்கள், ஏஹெச்ஐ எவ்வளவு, லீக் எவ்வளவு என்று பதிந்துகொண்டே இருக்கும். காலையில் திரையிலேயே பார்க்கலாம். பல மாடல்களில் எஸ்டி கார்டிலும் சேரும். ஒரு நோட்டில் தேதி போட்டு மூன்று எண்ணையும் குறித்து வையுங்கள். ஏஹெச்ஐ 5-க்குக் கீழே இருக்க வேண்டும். லீக் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரெஸ்மெட் மெஷினில் நிமிஷத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம். நேரம், குறைந்தது 4 மணி என்று சொல்வார்கள். தூங்கும் நேரம் முழுவதும் என்பதுதான் சரி. மதியம் சாப்பிட்டுவிட்டுப் பட்டாலையில் படுப்பவர்கள் அந்தத் தூக்கத்துக்கும் மாட்ட வேண்டும், மூச்சு பகலிலும் நிற்கும்.

"மூச்சு முட்டுதுப்பா" என்று மட்டும் போனில் சொன்னால் "பழகிடும்" என்ற பதில்தான் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தம்பி, நேத்து 5 மணி 20 நிமிஷம் போட்டிருக்கேன். ஏஹெச்ஐ 9. லீக் 38. மாஸ்க்கோட மேல் பக்கம், இடது கண்ணுக்கிட்ட காத்து வருது. குஷன் ஸ்மால் எடுத்துட்டு வர்றீங்களா?" எண்ணோடு பேசுகிறவரைச் சமாளித்து அனுப்ப முடியாது.

எது எதனால் வருகிறது என்று தெரிந்திருந்தால் பாதிப் போன் செலவு மிச்சம். கண்ணில் காற்றடித்தால் பெரும்பாலும் குஷன் அளவு பொருந்தவில்லை. காலையில் வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள்; மேல் பிரஷரைக் குறைக்க டாக்டரிடம் கேளுங்கள். படுத்த உடனே மூச்சு முட்டினால் கீழ்ப் பிரஷர் குறைவு, அல்லது ராம்ப் (ஆரம்பத்தில் பிரஷரை மெதுவாக ஏற்றும் வசதி) அதிக நேரம் வைத்திருக்கிறது. மூக்கு அடைத்தால் ஈரப்பதத்தை ஒரு படி கூட்டுங்கள். டியூபுக்குள் தண்ணீர் சேர்ந்து களகளவென்று சத்தம் வந்தால் ஏசி குளிரில் ஆவி உறைகிறது. ஈரப்பதத்தை ஒரு படி குறைத்து, டியூபைப் போர்வைக்குள் விட்டு, மெஷினைத் தலையணை மட்டத்துக்குக் கீழே ஸ்டூலில் வையுங்கள். லீக் குறைவாக இருந்தும் ஏஹெச்ஐ 10, 15 என்று நின்றால் அது மாஸ்க் சங்கதி இல்லை. அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். டாக்டர் சொல்லாமல் பிரஷரை மாற்ற விற்பவரை விடக் கூடாது. டாக்டர் வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பினால்கூடப் போதும், அது பதிவாக இருக்கும்.

தண்ணீர், தூசி, கரண்ட்

நம் பக்கத்துப் போர் தண்ணீரை ஹியூமிடிஃபையரில் ஊற்றினால் ஒரே வாரத்தில் தொட்டியின் அடித்தட்டில் வெள்ளைப் பொருக்கு கட்டிவிடும். காய்ச்சினாலும் உப்பு போகாது, கூடவே செய்யும். முற்றத்தில் பிடித்த மழைத்தண்ணீர் சமையலுக்கு அமிர்தம்தான். ஆனால் ஓட்டுத் தூசியும் கிருமியும் கலந்து வருவதால் இதற்கு வேண்டாம். மெடிக்கல் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள். பேட்டரிக்கு விற்கும் கேன் தண்ணீர் மூச்சுக்குப் போக என்று தயாரித்தது இல்லை. டிஸ்டில்டு கிடைக்காத நாளில் ஆர்ஓ தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றலாம். காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்துக் காயவையுங்கள். பொருக்கு விழுந்துவிட்டால் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து ஊறவைத்துக் கழுவினால் போகும். தொட்டியில் தண்ணீரோடு மெஷினை இடம் மாற்றாதீர்கள். சாய்ந்து உள்ளே தண்ணீர் போனால் வாரன்டி கிடைக்காது.

வெள்ளை ஃபில்டர் செம்மண் தூசியிலும் கொசுவத்திப் புகையிலும் மூன்று வாரத்தில் பழுப்பாகிவிடும். புத்தகத்தில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று போட்டிருந்தாலும் இங்கே மாதம் ஒன்று மாற்றுங்கள். ஃபில்டரையும் டியூபையும் ஆன்லைனில் தாராளமாக வாங்கலாம், அதற்கு டெக்னீஷியன் தேவையில்லை. சாம்பிராணி போடும் அன்று மெஷினை மூடி வையுங்கள். பழைய வீடுகளில் எறும்பு டியூபுக்குள் புகும். கழுவியதும் இரண்டு முனையும் கீழே தொங்கும்படி கொக்கியில் காயப் போட்டு, காய்ந்ததும் சுத்தமான துணிப் பைக்குள் வைத்துக் கட்டுங்கள். குஷனைத் தினமும் மிதமான சோப்புத் தண்ணீரிலும், டியூபையும் பட்டையையும் வாரம் ஒரு தடவையும் கழுவினால் போதும். ஓசோன் வைத்துச் சுத்தம் செய்யும் கருவி என்று ஒன்றை விற்க வருவார்கள், வேண்டாம்.

டியூப் 6 அடிதான். வளவை ஒட்டிய அறைகளில் பிளக் பாயின்ட் கதவுப் பக்கம் இருக்கும், கட்டில் எதிர்ச் சுவரில் இருக்கும். டெக்னீஷியன் வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கட்டில் பக்கம் எர்த்தோடு ஒரு பாயின்ட் எடுத்துவிடுங்கள். பழைய வயரிங் உள்ள வீட்டில் இது கட்டாயம்.

ராத்திரி கரண்ட் போனால் ஆபத்து இல்லை. ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் ஒரு வால்வு தானாகத் திறந்துகொள்ளும், நாசல் என்றால் வாயைத் திறந்து மூச்சு விடலாம். தூக்கம்தான் கெடும். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டலாம். ஹியூமிடிஃபையரோடு சராசரி 50 வாட் என்று வைத்தால் 8 மணி நேரத்துக்கு 400 வாட்-ஹவர். 12 வோல்ட் 150 ஏஹெச் பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினாலே 900 இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். பழைய ஸ்கொயர் வேவ் வகையில் அடாப்டர் சூடாகும்.

தகராறு வந்தால்

மெஷின் ஓடவில்லை, கடைக்காரர் போன் எடுக்கவில்லை என்றால் முதலில் இறக்குமதி செய்த கம்பெனிக்குச் சீரியல் எண்ணோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெட்டியில் முகவரி இருக்கும், அதனால்தான் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடக் கூடாது. பல சமயம் அந்தக் கடிதம் போனதும் கடைக்காரர் தானாகக் கூப்பிடுவார். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, கடை மதுரையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை. பொன்னமராவதி, ராயவரம் பக்கத்தவர்களுக்குப் புதுக்கோட்டை. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அங்கே பேசப் போவது பில்லும், எழுதி வாங்கிய தாளும், தேதி போட்ட உங்கள் நோட்டும்தான். கடை மெஷினில் அடித்த வழவழப்பான தாள் பில் ஒரு வருஷத்தில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போகும். வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஒரு போட்டோ எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவையுங்கள்.